நார்னியா திரைக்கு வருமுன்: புதிதாகப் படிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

காட்பாடி காந்தி நகரில் எங்கள் வீட்டு மாடியில் சனிக்கிழமை மாலைதோறும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கூடிக் கதை வாசிக்கிறார்கள். அவர்களை அழைத்துப் போக வரும் பெற்றோர் சில மாதங்களாக வாசற்படியில் நின்று கேட்கும் கேள்வி ஒன்றாகவே இருக்கிறது: நார்னியா மறுபடியும் படமாக வருகிறதாமே, அதற்குள் பிள்ளைக்கு எந்தப் புத்தகத்தை வாங்கிக் கொடுப்பது, எங்கிருந்து தொடங்குவது? ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி அலுத்த பிறகு, எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. இதுவரை ஒரு வரிகூடப் படிக்காதவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். பெரியவர்களுக்கும் இது பொருந்தும். கேட்டவர்களில் பாதிப் பேர் பிள்ளையின் பெயரைச் சொல்லித் தமக்காகவே கேட்டார்கள் என்பது என் ஐயம்.

அடிப்படைச் செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நார்னியா என்பது பேசும் விலங்குகள் வாழும் ஒரு மாய உலகம். அதன் கதைகளை எழுதியவர் சி. எஸ். லூயிஸ். 1950 முதல் 1956 வரை ஆண்டுக்கு ஒன்றாக ஏழு புத்தகங்கள் வெளிவந்தன. அவற்றுள் மூன்று 2005, 2008, 2010 ஆகிய ஆண்டுகளில் பெரிய படங்களாக வந்து, அதற்குப் பிறகு தொடர் நின்றுபோயிற்று. 2018இல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் படமாக்கும் உரிமையைப் பெற்றது. இப்போது கிரெட்டா கெர்விக் இயக்கத்தில் வரவிருப்பது ‘த மெஜீஷியன்ஸ் நெஃப்யூ’ என்னும் கதை. அது வெளியான வரிசையில் ஆறாவது புத்தகம். கதை நடக்கும் காலத்தின்படி முதலாவது. புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழுகிற இடம் இதுதான்.

முதற்படி: எந்த வரிசையில் படிப்பது

கடைகளில் இன்று கிடைக்கும் பெரும்பாலான பதிப்புகளில் ‘த மெஜீஷியன்ஸ் நெஃப்யூ’வின் முதுகில் 1 என்று அச்சிட்டிருக்கும். 1994இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் கதைக்காலத்தின்படி எண்ணை மாற்றிய பிறகு அந்த வரிசையே நிலைத்துவிட்டது. 1957இல், கதைக்கால வரிசையே சரி என்று கருதிய ஒரு சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில் லூயிஸும் அந்த வரிசையை ஆதரித்திருக்கிறார் என்பது உண்மையே. ஆனால் அது பிள்ளையின் கட்சியில் நின்று ஒரு தாத்தா சொல்லும் விடை போன்றது. எந்த வரிசையில் படித்தாலும் பெரிய வேறுபாடு இல்லை என்ற கருத்தும் அதே கடிதத்தில் இருக்கிறது.

என் தீர்ப்பு வேறு. முதலில் ‘த லயன், த விட்ச் அண்ட் த வார்ட்ரோப்’, அடுத்து ‘த மெஜீஷியன்ஸ் நெஃப்யூ’. இனி இவற்றைச் சிங்கக் கதை என்றும் மருமகன் கதை என்றும் குறிக்கிறேன். சிங்கக் கதையில் லூசி என்னும் சிறுமி அலமாரிக்குள் நுழைந்து, தொங்கும் மென்மயிர்த் தோல் கோட்டுகளை விலக்கிக்கொண்டே போனால் மறுபக்கம் பனி மூடிய காடும் அதன் நடுவே ஓர் எரியும் விளக்குக் கம்பமும் தெரிகின்றன. காட்டுக்குள் தெருவிளக்கு ஏன் வந்தது என்பதற்கு அந்தப் புத்தகத்தில் விடை இல்லை. அந்த விடையும், அலமாரிக்கு அந்த மாயம் எங்கிருந்து வந்தது என்பதும் மருமகன் கதையில் கிடைக்கின்றன. விடுகதையைக் கேட்காதவனுக்கு விடையைச் சொல்லி என்ன பயன்? விடை என்னவென்று இங்கே நான் எழுதப்போவதில்லை. மருமகன் கதையை முதலில் படித்த பிள்ளைகள் அந்தப் பக்கங்களைச் சாதாரணமாகத் திருப்பிவிட்டுப் போனதையும், சிங்கக் கதையை முடித்துவிட்டு வந்தவர்கள் அதே பக்கத்தில் கூச்சலிட்டதையும் எங்கள் மாடியில் நேரில் பார்த்திருக்கிறேன்.

ஏழையும் படத்துக்கு முன்பே முடித்தாக வேண்டும் என்று யாரும் பதற வேண்டியதில்லை. இந்த இரண்டும் போதும். மற்ற ஐந்தும் எங்கும் ஓடிவிடாது.

இரண்டாம் படி: புத்தகத்தைத் தேடுதல்

மாவட்ட மைய நூலகத்திலும் உங்கள் பகுதிக் கிளை நூலகத்திலும் ஆங்கிலச் சிறுவர் பிரிவில் முதலில் கேட்டுப் பாருங்கள். உறுப்பினராவதற்கு ஆகும் செலவு ஒரு புத்தக விலையில் மிகச் சிறிய பங்கே. கிடைக்காவிட்டால் விலைக்கு வாங்கலாம். ஏழு கதைகளையும் ஒன்றாகக் கட்டிய தடித்த தொகுதி மலிவாகத் தெரியும். ஆனால் எழுத்து பொடியாக இருக்கும், பத்து வயதுப் பிள்ளையால் படுத்துக்கொண்டு தூக்கிப் பிடிக்கவும் முடியாது. தனித்தனிப் புத்தகமாக இரண்டை மட்டும் வாங்குங்கள்.

வாங்கும்போது இரண்டு செய்திகளைச் சரிபார்க்க வேண்டும். ஒன்று, பவுலின் பெய்ன்ஸ் வரைந்த கோட்டோவியங்கள் உள்ளே இருக்கின்றனவா என்பது. ஏழு புத்தகங்களுக்கும் முதற்பதிப்பிலேயே படம் வரைந்தவர் அவர்தான். ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்கு மணியத்தின் சித்திரங்கள் எப்படியோ, நார்னியா வாசகர்களுக்குப் பெய்ன்ஸின் சித்திரங்கள் அப்படி. மற்றொன்று, பக்க எண்கள். நான் ஒருமுறை நடைபாதைக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று வாங்கிய மருமகன் கதையில் ஒரு பாரம், அதாவது ஒரே தாளில் அச்சிட்டு மடித்த பக்கக் கட்டு, இருமுறை கட்டப்பட்டிருந்தது. பதினாறு பக்கங்கள் திரும்ப வந்தன. அடுத்த பதினாறு பக்கங்கள் இல்லவே இல்லை. போன பக்கங்களில்தான் புதிய உலகமே உண்டாகிறது. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்த வேளையில் அதைக் கண்டுபிடித்தேன் என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் படி: நாளுக்கு ஓர் அத்தியாயம், வாய்விட்டு

சிங்கக் கதையில் 17 அத்தியாயங்கள், மருமகன் கதையில் 15. நாளுக்கு ஒன்று என்று வைத்தால் 32 மாலைகளில் இரண்டும் முடியும். ஓர் அத்தியாயத்தை வாய்விட்டுப் படித்து, நடுவில் தமிழில் விளக்கியும் போக அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். தேர்வு மாதங்களையும் பண்டிகை நாள்களையும் கழித்துவிட்டால் இரண்டு மாத அவகாசம் வைத்துக்கொள்வது நல்லது. ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைகளும் காதால் கேட்கும்போது கதையைப் பிடித்துக்கொள்வார்கள். மருமகன் கதையில் வரும் குதிரைவண்டிக்காரர் லண்டன் தெருப் பேச்சைப் பேசுவார். அதைக் கண்ணால் படித்தால் எழுத்துப்பிழை போலத் தோன்றும், உரக்கப் படித்தால் விளங்கிவிடும். அவருடைய வண்டியை நான் ‘ஜட்கா’ என்றே சொல்லிவிடுவது வழக்கம். எங்கள் தலைமுறை வரை வேலூர்க்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. இந்தத் தலைமுறைக்கு ஜட்காவையும் விளக்க வேண்டியிருக்கிறது.

நம் ஊர்ப் பிள்ளைகள் தடுமாறும் இடங்களை முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தால் வாசிப்பு நிற்காமல் போகும். முதல் தடங்கல் பனி. தமிழில் பனி என்ற ஒரே சொல் மார்கழி விடியலில் புல்லின்மேல் நிற்கும் துளிக்கும் பொருந்துகிறது, முழங்கால் ஆழத்துக்கு விழுந்து கிடக்கும் வெண்பொதிக்கும் பொருந்துகிறது. ‘நூறு ஆண்டுகளாகப் பனிக்காலம்’ என்று நான் மொழிபெயர்த்தபோது, அப்படியானால் அந்த ஊர் ஏலகிரி மாதிரி நன்றாகத்தானே இருக்கும், ஏன் எல்லாரும் அழுகிறார்கள் என்று ஒரு சிறுமி கேட்டாள். கத்திரி வெயிலில் அவித்தெடுக்கப்படும் ஊரில் வளர்கிற பிள்ளைக்கு அது நியாயமான கேள்வி. அன்று வாசிப்பை நிறுத்திவிட்டு, ஃப்ரீசரின் சுவரில் படிந்திருந்த உறைபனியைக் கரண்டியால் சுரண்டி ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் வைத்து, நான் இருபது எண்ணும் வரை கையை மூடக் கூடாது, உதறக் கூடாது என்று விதித்தேன். பதினொன்றுக்கு மேல் யாரும் தாங்கவில்லை. அதன்பிறகு அந்தக் கேள்வி எழவில்லை.

இரண்டாவது, சிங்கக் கதையில் லூசியின் அண்ணன் எட்மண்டுக்குச் சூனியக்காரி கொடுக்கும் டர்கிஷ் டிலைட். மாவும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, துண்டு போட்டு, மேலே சர்க்கரைப் பொடி தூவிய இனிப்பு அது. நம்முடைய அல்வாவுக்கு ஒன்றுவிட்ட உறவு. ஒரு பையன் தன் படத்தில் அதை ஆற்காட்டு மக்கன் பேடாவாகவே வரைந்திருந்தான். நான் திருத்தவில்லை. எட்மண்டைப் போல உடன்பிறந்தவர்களைக் காட்டிக் கொடுக்கத் துணியும் அளவுக்கு எந்த இனிப்பு அவனை மயக்குமோ அதை வரைந்திருக்கிறான். கதைக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மூன்றாவது, மருமகன் கதையின் தொடக்கத்தில் வரும் வீட்டமைப்பு. பொதுச்சுவர் கொண்டு வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். கூரைக்கடியில் உள்ள மச்சுவழியே தவழ்ந்தால் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். டிகரி, பாலி என்னும் இருவரும் தூரத்தைத் தப்பாகக் கணக்கிட்டு, ஆளில்லாத வீடு என்று நினைத்து டிகரியின் மாமாவுடைய அறைக்குள்ளேயே நுழைந்துவிடுகிறார்கள். ஒரு தாளில் நாலு வீடுகளை வரைந்து காட்டாமல் இந்த இடத்தைத் தாண்டாதீர்கள். நான்காவது, மோதிரங்கள். மஞ்சள் மோதிரம் உலகங்களுக்கு நடுவிலுள்ள காட்டுக்கு இழுக்கும். பச்சை மோதிரம் அந்தக் காட்டிலிருந்து வெளியே அனுப்பும். மாமா இதைத் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பதால் படிப்பவரும் குழம்புவார். ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் புத்தகத்துக்குள் செருகி வையுங்கள்.

உறவுமுறையையும் சொல்ல வேண்டும். ‘அங்கிள் ஆண்ட்ரூ’ என்பதை ஆங்கிலத்தில் அப்படியே விட்டுவிடலாம். தமிழில் சொல்லும்போது சித்தப்பாவா, தாய்மாமனா என்று தீர்மானித்தே ஆக வேண்டும். அவர் டிகரியின் தாயுடன் பிறந்தவர், எனவே தாய்மாமன். சீர் கொண்டுவந்து மடியில் உட்காரவைக்க வேண்டிய மாமனே உடன்பிறந்தவளின் மகனைச் சோதனைக்குப் பலியாக அனுப்புகிறான் என்று சொன்னதும் எங்கள் பிள்ளைகளுக்கு அந்த ஆள்மேல் வந்த கோபம், மூலத்தில் படித்தவர்களுக்கு வருமா என்பது ஐயமே.

நான்காம் படி: டிரெய்லருக்கு முன் வரைந்து வைத்தல்

இந்தக் கட்டுரையை எழுதுவதற்கே காரணம் இந்தப் படிதான். 2005ஆம் ஆண்டுப் படத்தை நான் புத்தகத்துக்கு முன்பு பார்த்துவிட்டேன். அதன் பயனாக, சிங்கக் கதையை இத்தனை முறை படித்த பிறகும் லூசி என்றால் அந்தப் படத்தில் நடித்த குழந்தையின் முகம்தான் எனக்குத் தெரிகிறது. எனக்கென்று ஒரு லூசி உருவாகவே இல்லை. படம் நன்றாக எடுக்கப்பட்டிருந்தது என்பது வேறு. நன்றாக எடுக்கப்பட்ட படம்தான் நம் கற்பனையை முற்றிலுமாகத் துடைத்துவிடும். மோசமான படத்தால் அவ்வளவு தீங்கு இல்லை.

லூயிஸுக்கே இந்த அச்சம் இருந்தது. பேசும் விலங்குகளைக் கண்ணுக்குத் தெரியும்படி நடிக்கவைத்தால் அது கோமாளித்தனமாகவோ கெட்ட கனவாகவோதான் முடியும் என்ற கருத்தில், தொலைக்காட்சிக்காகத் தம் கதைகளைப் படமாக்குவதை மறுத்து 1959இல் வானொலித் தயாரிப்பாளர் ஒருவருக்கு அவர் கடிதம் எழுதினார். அவரே பதினாறு வயதில் மனத்தில் கண்ட ஒரு காட்சியிலிருந்துதான், பனிக்காட்டில் குடை பிடித்துப் பொட்டலங்களைச் சுமந்து நடக்கும் ஆட்டுக்கால் மனிதன் ஒருவனின் காட்சியிலிருந்துதான், இந்தக் கதைகள் தொடங்கியதாகச் சொல்லியிருக்கிறார்.

ஆகவே ஒரு கோடிடாத நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். குறைந்தது ஐந்து காட்சிகளை, வரையத் தெரியாவிட்டாலும், வரைந்து தேதியிட்டு வைக்க வேண்டும்: விளக்குக் கம்பம், சிங்கம் அஸ்லான், ஜேடிஸ் என்னும் அரசி, உலகங்களுக்கு நடுவிலுள்ள குளங்கள் நிறைந்த காடு, பாழடைந்த சார்ன் நகரம். அஸ்லான் என்பது சிங்கத்தைக் குறிக்கும் துருக்கிச் சொல். வாணியம்பாடியிலோ மேல்விஷாரத்திலோ அர்சலான் என்ற பெயருள்ள நண்பர் உங்களுக்கு இருந்தால், அந்தப் பெயரும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது.

சார்ன் நகரத்தைப் படிக்கும் நாளில் நாங்கள் மாடியில் உட்காரவில்லை. பிள்ளைகளைக் காட்பாடிக்கும் வேலூருக்கும் இடையே உள்ள பாலாற்றுப் பாலத்தருகே அழைத்துப் போனேன். கதையில் ஒரு காலத்தில் பெரிய ஆறு ஓடிய இடத்தில் சாம்பல்நிறப் புழுதி கிடக்கும் அகன்ற பள்ளம் மட்டும் இருக்கும். மேலே சிவந்து கிழடுதட்டிய சூரியன் நிற்கும். அந்தப் பத்தியைப் படித்துவிட்டு நிமிர்ந்தபோது எதிரில் மணலும் சீமைக்கருவேலமும் அந்திச் சூரியனும் இருந்தன. நீரில்லாத ஆறு என்று நம் ஊரைப் பற்றிப் பழமொழி சொல்வார்களே, அதை விளையாட்டாகச் சொல்லியே பழகிய எனக்கு அன்று சொல்ல வாய் வரவில்லை. அன்று வரைந்த சார்ன் நகரங்கள் எல்லாவற்றிலும் ஒரு நீண்ட பாலம் இருந்தது. புத்தகத்தில் அப்படியில்லை. இருக்கட்டும்.

இந்த நோட்டு நிரம்பும் வரை டிரெய்லர், விளம்பரத் தாள்கள், யார் எந்த வேடம் என்ற செய்திகள் ஆகிய எல்லாவற்றையும் வீட்டில் தள்ளி வையுங்கள். கைப்பேசி கையிலிருக்கும் பிள்ளையிடம் இது எளிதன்று என்பதை அறிவேன்.

சிறு எச்சரிக்கை ஒன்று

மருமகன் கதையில் டிகரியின் தந்தை இந்தியாவில் இருக்கிறார்; தாய் பிழைப்பது அரிது என்னும் நிலையில் படுக்கையில் கிடக்கிறாள். அவளுக்கான மருந்து கிடைக்குமா என்பதே கதையின் அடியோட்டம். லூயிஸின் தாயார் 1908இல், அவருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, புற்றுநோயால் இறந்தார். வேலூரில் இருந்துகொண்டு இதை மேலோட்டமாகப் படிக்க முடியாது. பெரிய மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் பல மாநிலங்களிலிருந்தும் வந்து மாதக்கணக்கில் தங்கியிருக்கும் குடும்பங்களில், அம்மாவின் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் என்றும் உண்டு. உங்கள் வட்டத்தில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், கடைசி மூன்று அத்தியாயங்களை நீங்கள் முதலில் தனியாகப் படித்துவிட்டு, அந்தப் பிள்ளையின் வீட்டாரிடம் பேசிய பிறகு படியுங்கள். கதையில் வரும் ஆப்பிள் கதையில் மட்டுமே கிடைக்கும்.

சமயம் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். லூயிஸ் கிறித்தவர், அஸ்லானின் கதையில் இயேசுவின் கதை தெரிகிறது. அதை உருவகம் என்று அவர் ஒப்பவில்லை, அப்படியோர் உலகம் இருந்தால் என்ன நடக்கும் என்ற அனுமானம் என்றே சொன்னார். எங்கள் வட்டத்தில் மூன்று சமயத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவரவர் வீட்டுக் கதைகளோடு ஒப்பிட்டுப் பேசினார்கள், யாருக்கும் நெருடவில்லை. எனக்கு நெருடியது வேறு: ‘த ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்’ புத்தகத்தில் கலோர்மென் நாட்டாரைச் சித்திரித்திருக்கும் முறை. அந்தக் கதைக்கு வரும்போது பெரியவர்கள் உடன் இருப்பது நல்லது.

ஐந்தாம் படி: படங்கள் எதை மாற்றும் என்று பழகிக்கொள்ளுதல்

சிங்கக் கதையைப் படித்து முடித்தபின் 2005ஆம் ஆண்டுப் படத்தைப் பார்க்கலாம். லண்டன்மீது குண்டு விழுவதைப் புத்தகம் ஒரே வாக்கியத்தில் கடந்துவிடும். படம் அதிலிருந்தே தொடங்கி ஒரு முழுக்காட்சியாக விரிக்கும். புத்தகத்தில் சில பக்கங்களில் முடியும் போர், படத்தில் உச்சக்கட்டமாகிவிடும். 2010ஆம் ஆண்டுப் படத்தில், புத்தகத்தில் இல்லாத ஏழு வாள்களைத் தேடும் கதையையே சேர்த்திருந்தார்கள்.

நமக்கு இது புதிதன்று. 2022இல் ‘பொன்னியின் செல்வன்’ வருவதற்கு முன் ஐந்து பாகங்களையும் அவசரமாகப் படித்து முடித்த எத்தனையோ பேரில் நானும் ஒருவன். வல்லத்து வாணர்குலத்து வீரனை நம் திருவல்லத்துக்காரனாகவே எண்ணிப் பெருமைப்படும் ஊர் இது. மணிமேகலையைப் படத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள் என்று நாங்கள் வருந்திக்கொண்டிருந்தபோது, புத்தகம் படிக்காத என் மைத்துனர் யார் யாருக்கு மகன் என்று இடைவேளை வரை கேட்டுக்கொண்டிருந்தார். படித்துவிட்டுப் போனால் குறை தெரியும், படிக்காமல் போனால் கதை தெரியாது. முன்னதையே நான் தேர்வேன்.

ஆறாம் படி: பயண ஏற்பாடு

கெர்விக்கின் நார்னியா படம் ஐமாக்ஸ் என்னும் மிகப் பெரிய திரையில் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். அந்தத் திரைக்கு நாம் சென்னைக்குத்தான் போக வேண்டும். வேளச்சேரியிலும் வடபழனியிலும் இருக்கிறது. காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரல் ரயில்வழியில் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். முதலில் 2026 நவம்பர் இறுதி என்று தேதி சொன்னார்கள். இத்தகைய படங்களின் தேதி நகர்வது வழக்கம் என்பதால், தியேட்டர் முன்பதிவு திறந்த பிறகே மற்ற ஏற்பாடுகளைச் செய்யுங்கள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே தொடங்கும், தியேட்டர் டிக்கெட்டோ சில நாள்களுக்கு முன்புதான் கிடைக்கும்; இந்த இடைவெளியில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். காலையில் ஏலகிரி எக்ஸ்பிரஸின் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறிப் பிற்பகல் காட்சியைப் பார்ப்பதே எளிது. வேலை நாள்களில் அந்த வண்டியில் அன்றாடம் போய்வருவோர் நெரிசல் இருக்கும்; பிள்ளைகளோடு போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள், அந்தக் கிழமை வண்டி நேரத்தையும் பார்த்துவிடுங்கள். அவ்வளவு தூரம் முடியாதவர்கள் நெட்ஃபிளிக்ஸில் வரும்வரை பொறுத்திருக்கலாம். அதில் குறைவொன்றும் இல்லை.

நோட்டுப் புத்தகத்தை மறக்காமல் பையில் வையுங்கள். திரும்பும் வண்டியில் பெரம்பூர் தாண்டியதும் அதை எடுத்து, ஒவ்வொரு படத்துக்கும் எதிர்ப்பக்கத்தில், திரையில் அது எப்படி இருந்தது என்று பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். அரக்கோணம் வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு தூங்கிவிடுவார்கள்.